காரில் துப்பாக்கியை வைத்துவிட்டு இறங்குவதற்கு முன்

பிள்ளையின் பள்ளியில் மதியம் ஒரு நிகழ்ச்சி. காலையிலிருந்து இடுப்பில் துப்பாக்கியோடு கடை, வங்கி என்று சுற்றிவிட்டு நேராகப் பள்ளிக்கு வருகிறார் ஒருவர். பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திய பிறகுதான், இதை உள்ளே கொண்டுபோக முடியாது என்று உறைக்கிறது. உட்கார்ந்தபடியே நெளிந்து, சட்டையைத் தூக்கி, ஹோல்ஸ்டரிலிருந்து (இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறை) துப்பாக்கியை உருவுகிறார். சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, காரைப் பூட்டிக்கொண்டு உள்ளே போகிறார். அரை நிமிட வேலைதான். அந்த அரை நிமிடத்தில் குறைந்தது நான்கு தவறுகள் நடந்திருக்கின்றன.

நான் அமெரிக்காவில், டெக்சாஸில் லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி வைத்திருப்பவன். தொடக்கத்தில் நானும் இப்படித்தான் செய்தேன். பிறகு நண்பர் ஒருவரின் வண்டிக் கண்ணாடியை ஓர் உணவகத்தின் பார்க்கிங்கில் உடைத்து, சீட்டுக்கு அடியில் இருந்ததை எடுத்துப் போனார்கள். சாப்பிட்டுவிட்டு வரும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போலீஸ் வந்து கேட்ட முதல் கேள்வி, துப்பாக்கியின் சீரியல் எண் என்ன என்பது. அது அவரிடம் இல்லை. அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கார் என்பது பூட்டு போட்ட கண்ணாடிப் பெட்டி, அவ்வளவுதான். 2017 முதல் 2021 வரையிலான ஐந்து ஆண்டுகளில் அமெரிக்காவில் 10 லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகள் திருடு போனதாகப் பதிவாகியிருக்கிறது என்று துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் ஏடிஎஃப் அமைப்பு சொல்கிறது. அவற்றில் 96 சதவீதம் தனிநபர்களிடமிருந்து போனவை. அதில் கார்களிலிருந்து போவது பெரும் பங்கு.

போனது எங்கே போகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2015 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் மத்திய நில மேலாண்மைத் துறையின் ரேஞ்சர் ஒருவர் காரில் விட்டுப்போன துப்பாக்கி திருடப்பட்டது. நான்கே நாளில், ஜூலை 1 அன்று, கடலோர நடைமேடையில் அப்பாவோடு நடந்துகொண்டிருந்த 32 வயதுப் பெண்ணின் உயிரை அதிலிருந்து வந்த குண்டு பறித்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற அதிகாரிக்கே இது நடந்தது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது: ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியை வைத்தால் டிக்கியில் பூட்டி வைக்க வேண்டும், அல்லது பூட்டிய பெட்டியில் வெளியே தெரியாதபடி வைக்க வேண்டும். மீறினால் 1,000 டாலர் வரை அபராதம்.

போய்ச் சேர்ந்த இடத்தில் கழற்றுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். திருடன் பார்க்கிங்கில்தான் காத்திருக்கிறான். நீங்கள் குனிந்து எதையோ மறைப்பதையோ, இறங்கி டிக்கியைத் திறந்து ஒரு சின்னப் பொருளை வைத்து மூடுவதையோ பார்த்தாலே அவனுக்குப் போதும். பூட்டி வைக்கும் வேலையை வீட்டை விட்டுக் கிளம்பும்போதோ, வழியில் ஆள் நடமாட்டமில்லாத இடத்திலோ முடித்துவிட வேண்டும். போகிற இடத்தில் இறங்கி நடக்க வேண்டும், அவ்வளவே. அதைவிட நல்லது, அன்றைய நாளில் துப்பாக்கி கூடாத இடம் ஒன்று இருக்கிறது என்று முன்பே தெரிந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது.

அடுத்தது, துப்பாக்கியை மட்டும் உருவுவது. காரின் இருக்கை குறுகலானது. சீட் பெல்ட், சட்டை நுனி, ஜாக்கெட்டின் கயிறு எல்லாம் விசையில் (டிரிகர்) மாட்டக்கூடியவை. அங்கே துப்பாக்கியைத் திருப்பப் பாதுகாப்பான திசை என்று ஒன்றும் கிடையாது. உங்கள் தொடை, பக்கத்து சீட்டில் இருப்பவர், கதவுக்கு அந்தப் பக்கம் நடந்து போகிறவர், இவர்களில் யாராவது ஒருவர் குழலுக்கு முன்னால் இருப்பார்கள். அதனால் ஹோல்ஸ்டரோடு சேர்த்துக் கழற்றி, ஹோல்ஸ்டரோடே பெட்டிக்குள் வையுங்கள். விசை மூடியே இருக்கும். அப்படிக் கழற்ற வசதியான ஹோல்ஸ்டரைத் தேர்ந்தெடுங்கள். தோட்டாவை எடுப்பதும் போடுவதுமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காருக்குள் செய்துகொண்டிருப்பது விபத்தைக் கூப்பிடுவது போல. சில மாநிலங்களில் சட்டப்படி தோட்டாவை எடுத்தாக வேண்டும். அங்கெல்லாம் கிளம்பும் முன் வீட்டிலேயே அதைச் செய்துவிடுங்கள்.

சீட்டுக்கு அடியிலும் கிளவ் பாக்ஸிலும்

கண்ணாடியை உடைத்தவன் முதலில் கை விடும் இடங்கள் கிளவ் பாக்ஸ் (டேஷ்போர்டில் இருக்கும் சிறு அறை), நடுவில் இருக்கும் கன்சோல், சீட்டுக்கு அடி. நமக்கு எது மறைவிடமாகத் தோன்றுகிறதோ, அது அவனுக்கு மனப்பாடம்.

சீட்டுக்கு அடியில் வைப்பதில் திருட்டைவிடக் கொடுமையான ஆபத்து ஒன்று உண்டு. 2016 ஏப்ரலில் மில்வாக்கியில் ஓடிக்கொண்டிருந்த காரில், ஓட்டுநர் சீட்டின் அடியிலிருந்து துப்பாக்கி பின்பக்கம் வழுக்கிப் போனது. அங்கே இருந்த இரண்டு வயதுக் குழந்தை அதை எடுத்தது. குண்டு பட்டு, வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த தாய் இறந்துபோனார். பிரேக் போட்டால் சீட்டுக்கு அடியில் இருப்பது எந்தப் பக்கமும் நகரும். குழந்தைகள் ஏறும் வண்டியில் பூட்டாத துப்பாக்கி ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. பெட்ரோல் போட இறங்கும் ஐந்து நிமிடத்துக்கும் இதுதான்.

கிளவ் பாக்ஸ் விஷயத்தில் சட்டமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. கனெக்டிகட்டில் 2019 முதல் உள்ள சட்டம் டிக்கி, பூட்டிய சேஃப், பூட்டிய கிளவ் பாக்ஸ் மூன்றையும் ஏற்கிறது. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் கிளவ் பாக்ஸைப் பூட்டிய பெட்டியாகவே கணக்கில் எடுப்பதில்லை. நியூயார்க்கில் தோட்டாவை எடுத்துவிட்டு, தீயையும் அடியையும் தாங்கும் பெட்டியில் பூட்டி, வெளியிலிருந்து தெரியாதபடி வைக்க வேண்டும். கொலராடோவில் 2025 ஜனவரி 1 முதல் கைத்துப்பாக்கிக்குக் கெட்டியான பூட்டிய பெட்டி கட்டாயம்; துணிப்பை போதாது. டெக்சாஸில் இப்படிப்பட்ட பெட்டிச் சட்டம் இல்லை. இல்லை என்பதற்காகப் பெட்டி வேண்டாம் என்று ஆகிவிடாது.

அந்தப் பெட்டியை வாங்கியவர்கள்கூட ஒரு தவறு செய்கிறார்கள்: வாங்கிக் காருக்குள் சும்மா போட்டுவிடுகிறார்கள். திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். வீட்டில் போய் நிதானமாக உடைத்துக்கொள்ளலாம் அல்லவா? பெட்டியோடு வரும் எஃகுக் கம்பி வடத்தை சீட்டின் இரும்புச் சட்டத்தில் சுற்றிக் கட்டுங்கள். துணி உறையையோ பிளாஸ்டிக் பாகத்தையோ சுற்றிக் கட்டினால் பயனில்லை. வடத்தை விடவும் நல்லது, தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய சேஃப், அல்லது கன்சோலுக்குள் அளவாகப் பொருந்தும் இரும்புப் பெட்டி. எதுவானாலும் அது திருடனைத் தாமதப்படுத்தும், தடுத்து நிறுத்தாது. கருவியோடு வந்து நேரம் எடுத்துக்கொள்பவன் எதையும் திறந்துவிடுவான். ஆனால் பார்க்கிங் திருட்டு ஒரு நிமிடத்துக்குள் முடிகிற வேலை. அந்த ஒரு நிமிடத்தைத் தாங்கினால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

டிக்கி நல்ல இடம்தான், ஆனால் உங்கள் காரில் அது எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி உடைந்ததும் உள்ளே கைவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால் திறந்துகொள்ளும் வண்டிகள் ஏராளம். பின் சீட்டை மடித்தால் டிக்கிக்குள் போய்விடலாம். எஸ்யூவி என்றால் டிக்கியே இல்லை, பின்னால் ஒரு திரைதான். அதனால் டிக்கியிலும் பெட்டி வேண்டும்.

பேட்டரியில் இயங்கும் பூட்டு என்றால் மாற்றுச் சாவியைப் பெட்டிக்குள்ளேயோ காருக்குள்ளேயோ வைக்காதீர்கள். டெக்சாஸ் வெயிலில் நிறுத்திய காரின் சூடு பேட்டரியைச் சீக்கிரம் தீர்த்துவிடும். வெயிலில் தோட்டா தானாக வெடிக்குமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். கார் எட்டும் சூட்டுக்கு அது நடக்காது. எண்ணெய் காய்வதும், ஈரக் காற்றில் துரு ஏறுவதும்தான் நடக்கும்.

காரே விளம்பரம் செய்தால்

துப்பாக்கிக் கம்பெனியின் ஸ்டிக்கர், துப்பாக்கிச் சங்கத்தின் ஸ்டிக்கர், சுடும் பயிற்சிக்கூடத்தின் தொப்பி டேஷ்போர்டில். ஒவ்வொன்றும் “இந்த வண்டியில் தேடு” என்று எழுதி ஒட்டியது போலத்தான். பெருமையாக இருக்கலாம், ஆனால் எடுத்துவிடுங்கள். வெளியே தெரிகிற லேப்டாப் பை, ஷாப்பிங் பை எதுவும் வேண்டாம். பைக்காக உடைப்பவன் துப்பாக்கியைத் தற்செயலாகக் கண்டெடுப்பான்.

அந்த லேப்டாப் பைக்குள்ளேயே துப்பாக்கியைப் போட்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பை அடுத்த வாரம் விமான நிலையத்துக்குப் போகும். 2023ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. பத்தில் ஒன்பதுக்கும் மேல் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்களில் பலரும் சொல்வது “மறந்துவிட்டேன்” என்பதுதான்.

இரவில் காரிலேயே விட்டுவிடுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செய்யாதீர்கள். வீட்டு வாசலில் நின்றாலும் சரி, எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் சரி.

பார்க்கிங்கே தடை என்றால்

காரில் வைத்துவிட்டால் சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடும் என்று நம்புகிறோம். அஞ்சலகத்தில் அப்படி இல்லை. அஞ்சல் துறையின் விதி கட்டடத்தை மட்டுமல்ல, அதற்குச் சொந்தமான பார்க்கிங்கையும் சேர்த்தே தடுக்கிறது. கொலராடோவிலிருந்து வந்த வழக்கில் 2015ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தத் தடையைச் சரி என்றது. வேறு நீதிமன்றங்களில் இந்தத் தடையை எதிர்த்து வழக்குகளும் வந்திருக்கின்றன. நான் தெருவில் நிறுத்திவிட்டு நடந்து போகிறேன்.

பள்ளிக்கூட விஷயம் இன்னும் நுணுக்கமானது. பள்ளியிலிருந்து 1,000 அடி, அதாவது சுமார் 300 மீட்டர் வரை மத்திய சட்டம் துப்பாக்கியைத் தடுக்கிறது. பள்ளி இருக்கும் மாநிலம் கொடுத்த லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. இல்லாவிட்டால், தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். டெக்சாஸில் 2021க்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்று ஆனதில் பலரும் லைசென்ஸ் எடுப்பதையே விட்டுவிட்டார்கள். மாநிலச் சட்டம் அவர்களை விட்டுவிடும். பள்ளி வாசலில் மத்திய சட்டம் விடாது. தினமும் பிள்ளையை இறக்கிவிடப் போகும் பெற்றோர் லைசென்ஸ் எடுத்துவிடுவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அலுவலகப் பார்க்கிங்கில் வைக்க டெக்சாஸ் 2011ல் சட்டம் கொண்டுவந்தது, ஃபுளோரிடா 2008ல். பூட்டிய சொந்தக் காரில் ஊழியர் வைத்துக்கொள்வதை முதலாளி தடுக்க முடியாது. விதிவிலக்குகள் உண்டு, டெக்சாஸில் கம்பெனி கொடுத்த வண்டிக்கு இது பொருந்தாது. எல்லா மாநிலத்திலும் இந்தச் சட்டம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாவியை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது

இதை நம்மவர்களுக்காகவே தனியாகச் சொல்ல வேண்டும். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் தடை போடுகிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்தவருக்கும் குடியுரிமை பெற்றவருக்கும் இந்தத் தடை இல்லை. இப்போது யோசியுங்கள். நீங்கள் குடியுரிமை பெற்றவர். காரில் பெட்டி இருக்கிறது. எச்1பியில் இருக்கும் தம்பி “அண்ணா, வண்டியை ஒரு நாள் கொடு” என்கிறார். பெட்டியின் சாவியும் கார் சாவிக் கொத்திலேயே தொங்குகிறது. வழியில் போலீஸ் நிறுத்தினால் அந்தத் துப்பாக்கி யார் வசம் இருந்தது என்ற கேள்வி வரும். பதில் தவறாகப் போனால் அவருடைய விசாவும் எதிர்காலமும் சிக்கலில் மாட்டும். வருகையாளர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மா காரில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதும் பெட்டி பூட்டியே இருக்க வேண்டும், சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும். வாலே பார்க்கிங் (சாவியை வாங்கி ஊழியரே வண்டியை நிறுத்துவது), மெக்கானிக், கார் வாஷ் எல்லாவற்றுக்கும் இதே விதி: சாவி கைமாறும் முன் துப்பாக்கி வண்டியை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

சீரியல் எண்ணை இன்றே எழுதி, ஒரு படமும் எடுத்து வீட்டில் வையுங்கள். திருடு போனால் நியூயார்க்கில் 24 மணி நேரம், கனெக்டிகட்டில் 72 மணி நேரம், கலிஃபோர்னியாவிலும் கொலராடோவிலும் ஐந்து நாள் என்று புகார் கொடுக்கக் கெடு இருக்கிறது. கெடு இல்லாத மாநிலத்திலும் உடனே சொல்லிவிடுங்கள். எண் தெரிந்தால்தான் அது நாடு முழுக்கத் தேடப்படும் பட்டியலில் ஏறும்.

கடைசியாக, டொராண்டோவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குக் காரிலேயே போகிறவர்களுக்கு. மாநிலங்களைக் கடக்கும்போது 1986ஆம் ஆண்டு மத்திய சட்டம் ஓரளவு காக்கும்: துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, இரண்டும் கைக்கு எட்டக் கூடாது, டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், கிளவ் பாக்ஸும் கன்சோலும் கணக்கில் வராது. ஆனால் வழியில் நியூயார்க் மாநிலத்தின் நயாகராவில் இரண்டு நாள் தங்குவதற்கு அது கவசமாகாது; நியூயார்க் வேறெந்த மாநில லைசென்ஸையும் ஏற்பதில்லை. எல்லை தாண்டினால் கனடாவின் சட்டம். உங்கள் அமெரிக்க லைசென்ஸுக்கு அங்கே மதிப்பில்லை. எல்லைச் சோதனையில் அறிவிக்காத கைத்துப்பாக்கி பிடிபட்டால் பறிமுதலோடு கைதும் நடக்கலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியை வண்டியிலிருந்து கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, சீட்டு இடுக்குகள், கதவுப் பைகள், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பயிற்சிக்கூடத்திலிருந்து வந்த ஒற்றைத் தோட்டா ஒன்று எங்காவது உருண்டு கிடக்கலாம்.