மூன்று காலிபருக்கு ஒரே பிரஸ்: என் அனுபவம்

9 எம்.எம்., .38 ஸ்பெஷல், .45 ஏ.சி.பி. ஆகிய மூன்று காலிபர் (அளவு) துப்பாக்கித் தோட்டாக்களையும் வீட்டில் ரீலோட் செய்கிறேன்; அதாவது, சுட்ட காலி உறைகளில் வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குகிறேன். முதலில் வேகத்தை மட்டும் பார்த்து, உறைகளைத் தாங்கும் வட்டத்தட்டு (ஷெல் பிளேட்) தானாகச் சுழலும் ஒரு புரோகிரசிவ் பிரஸ் வாங்கினேன்; நெம்புகோலை ஒருமுறை இழுத்தாலே பல உறைகளில் வெவ்வேறு வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும் கருவி அது. ஒரே காலிபரில் ஓட்டும்வரை அருமை. காலிபர் மாற்றினால் ஒரு மாலைப்பொழுதே போய்விடும்.

கவனித்துப் பார்த்ததில், அதிக நேரம் தின்றது பிரைமர் (உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அளவு மாற்றம்தான். 9 எம்.எம்.முக்கும் .38க்கும் சிறிய பிரைமர்; .45க்குப் பெரும்பாலும் பெரியது. சிறிய பிரைமர் குழியோடு வரும் .45 உறைகளும் உண்டு. அவற்றை முன்கூட்டியே பிரித்து வைக்காவிட்டால் நடுவில் பிரஸ் சிக்கும்.

அப்புறம் டில்லன் 550 என்ற பிரஸ்ஸுக்கு மாறினேன். உறை ஒவ்வொன்றாகக் கடக்கும் நான்கு வேலை நிலையங்கள், ஷெல் பிளேட்டைக் கையால் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு காலிபருக்கும் தனி டூல்ஹெட் (டைகளைத் தாங்கும் மேல்பகுதி) வைத்திருப்பதால், டை எனப்படும் அச்சுகளின் அமைப்பு கலைவதில்லை. 9 எம்.எம்.மையும் .38ஐயும் அடுத்தடுத்து முடித்துவிட்டு, .45ஐச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் செய்கிறேன்.

ஒன்று மட்டும் மறக்கவே கூடாது. சுழற்ற மறந்தால் ஒரே உறையில் இருமுறை மருந்து விழும். .38 உறையில் இடம் அதிகம். இரட்டை அளவு விழுந்தாலும் வழியாமல் உள்ளேயே நின்றுவிடும், துப்பாக்கியே வெடிக்கலாம். அதனால் பிரஸ்ஸில் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கைப் பொருத்தி, குண்டை வைக்குமுன் ஒவ்வொரு உறைக்குள்ளும் பார்க்கிறேன். காலிபர் மாற்றியதும் மருந்தின் முதல் பத்து அளவுகளைத் தராசில் எடைபோட்ட பிறகுதான் வேலையைத் தொடங்குவேன்.