நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு நடக்கும் செலவுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரசவச் செலவு முடிந்தது, தொட்டில் வாங்கியாயிற்று, இனி பெரிதாக ஒன்றும் இல்லை என்று ஒரு வயது முடியும்போது பல வீடுகளில் மூச்சு விடுகிறார்கள். ஆனால் ஒன்றிலிருந்து மூன்று வயது வரைதான் பணம் சில்லறை சில்லறையாகப் போகும். ஐந்நூறு ரூபாய் பால் பவுடர், எழுநூறு ரூபாய் டயப்பர், இருநூறு ரூபாய் சிரப். எதுவும் பெரிய செலவாகத் தெரியாது, அதனால் யாரும் கணக்கும் எழுதுவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், குறைக்க வேண்டிய இடம் ஒன்று, நாம் குறைக்கிற இடம் வேறு. "என் பிள்ளை எடை போடவில்லையே" என்ற பயத்தில் டப்பா டப்பாவாக வாங்குகிற அதே வீட்டில், பதினாறாம் மாதத் தடுப்பூசி தள்ளிப் போயிருக்கும்.

பவுடர் டப்பாவில் தொடங்கலாம்

ஒரு வயதுக்கு மேல் ஆரோக்கியமாக இருக்கும் குழந்தைக்கு "வளரும் பருவப் பால்" என்று விற்கப்படும் பவுடர் தேவையில்லை. தாய்ப்பால் தொடரலாம், கூடவே வீட்டுச் சாப்பாடும் கொஞ்சம் பசும்பாலும் போதும். உலக சுகாதார நிறுவனம் 2013லேயே இந்தப் பால்கள் அவசியமற்றவை என்று சொல்லிவிட்டது. பிறகு ஏன் இவ்வளவு விற்கிறது? இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் மாற்றுப் பொருள்களுக்கும் பாட்டிலுக்கும் குழந்தை உணவுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. இரண்டு வயதைத் தாண்டியதும் அந்தக் கட்டு இல்லை. அதனால்தான் "2+" என்று போட்ட டப்பாக்கள் டிவியில் இவ்வளவு உற்சாகமாக வருகின்றன. உயரம், மூளை, எதிர்ப்புச் சக்தி என்று மூன்று பயத்தையும் ஒரே விளம்பரத்தில் தொட்டுவிடுகிறார்கள்.

சாக்லேட் மணக்கும் பானப் பொடிகளின் கதையும் இதுதான். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இவற்றை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் வைத்து விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. அப்படி ஒரு வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது என்பதே காரணம். டப்பாவின் பின்புறம் சிறிய எழுத்தில் சர்க்கரை எவ்வளவு என்று ஒருமுறை பாருங்கள். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

மருத்துவர் எடையும் உயரமும் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம். அப்போதும் எத்தனை மாதத்துக்கு என்று கேட்டுவிடுங்கள். ஒரு முறை எழுதிய டப்பாவை இரண்டு வருடம் வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

இதைவிட ஒருபடி மேலான தவறு, பாலையே சாப்பாடாக்குவது. சோறு துப்புகிறான், பாலாவது குடிக்கட்டும் என்று நாளுக்கு ஒரு லிட்டர் வரை கொடுத்துவிடுகிறார்கள். பசும்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. வயிறு பாலால் நிறைந்தால் பசி வராது, சோறு இறங்காது, மறுபடியும் பால். ரத்தசோகை இப்படித்தான் வருகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பால் மட்டும் இதற்குக் காரணமில்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம். நாளுக்கு 400 முதல் 500 மில்லி போதும். பால் செலவு பாதியாகும், பையனுக்குப் பசியும் எடுக்கும். இரும்புச் சத்து சிரப் அரசுத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

சத்துமாவையும் விட்டுவைக்கவில்லை. முப்பது தானியம், நாற்பது தானியம் என்று ஆன்லைனில் ஒரு கிலோ வாங்குகிற விலைக்கு ராகி, பொட்டுக்கடலை, பச்சைப்பயறு, சிவப்பரிசி வாங்கி வறுத்து அரைத்தால் இரண்டு மூன்று மாதம் வரும். எண்ணிக்கை கூடினால் சத்து கூடும் என்று இல்லை. ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முப்பதில் எது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. அங்கன்வாடியில் பெயர் பதிந்திருந்தால் சத்துமாவு பாக்கெட் சும்மாவே கிடைக்கும். "அதெல்லாம் நமக்கெதற்கு" என்று கூச்சப்படுகிறவர்கள் அதை மாட்டுக்குப் போடுவதையும் பார்த்திருக்கிறேன். தரம் பிடிக்கவில்லை என்றால் சொல்லலாம், வாங்காமலே இருப்பது வீண்.

புரதத்துக்கு முட்டை நல்ல, மலிவான வழி. டெட்ரா பேக் ஜூஸை நிறுத்திவிடலாம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலே இரண்டு வயது வரை பழச்சாறு வேண்டாம் என்கிறது. பழத்தைப் பழமாகக் கொடுங்கள். முழு நிலக்கடலை, முழு முந்திரி மட்டும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். பொடித்துப் போடுங்கள்.

டயப்பர் கணக்கு

ஒரு டயப்பர் 12 ரூபாய், நாளுக்கு ஐந்து என்றால் 60 ரூபாய், மாதம் 1,800. வீட்டில் இருக்கும்போது துணி, இரவிலும் வெளியே போகும்போதும் மட்டும் டயப்பர் என்று வைத்தால் நாளுக்கு இரண்டு. மாதம் 720. இந்த ஒரு மாற்றத்தில் மிச்சமாவது ஆயிரம் ரூபாய்க்கு மேல். பழைய வேட்டியைக் கிழித்துப் போடலாம், கடைத் துணி நாப்கினும் போடலாம், அல்லது வெறும் ஜட்டியே போதும். தரை துடைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அந்தத் துடைப்பு வேலை கூடுதல் சுமை என்பதும் தெரியும். தாத்தா, அப்பா யாராவது மாப் பிடித்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும்.

வாங்கும்போது செய்யும் தவறுகளும் உண்டு. ஆஃபர் விலையைப் பார்த்துவிட்டு எத்தனை பீஸ் என்று பார்க்காமல் விடுவது. விலையை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், சில நேரம் பெரிய பாக்கெட்டில் ஒரு பீஸ் விலை கூடுதலாகவே இருக்கும். அளவு மாறப்போகும் நேரத்தில் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்குவது இன்னொன்று. எடை அளவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்: எம் என்றால் 7 முதல் 12 கிலோ, எல் என்றால் 9 முதல் 14 என்று. பத்து கிலோ பிள்ளைக்கு எம் பொருந்தினால் அதிலேயே இருங்கள், பெரிய அளவுக்குப் போகப் போக ஒரு பீஸ் விலை ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கும் பால் பாட்டிலுக்கும் ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலைச் சீட்டு ஒட்டிய இருப்பு எங்காவது கிடந்தால் குறைந்த விலையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரே டயப்பரை எட்டு மணி நேரம் பகலில் போட்டு வைக்காதீர்கள். தொடை சிவந்து புண்ணானால் மருத்துவர் பீஸும் களிம்பும் சேர்த்து ஒரு பாக்கெட் டயப்பர் விலையைத் தாண்டும். வெட் வைப்ஸ் பயணத்துக்கு மட்டும். வீட்டில் தண்ணீர் இருக்கிறது.

ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் பல குழந்தைகள் டயப்பரை விட்டுக் கழிப்பறைப் பழக்கத்துக்குத் தயாராகிவிடும். இரண்டு மணி நேரம் நனையாமல் இருப்பது, போவதற்கு முன் முகத்தைக் காட்டுவது, இழுத்துக் காட்டுவது எல்லாம் அடையாளம். சித்திரை, வைகாசி வெயிலில் தொடங்கினால் துணியும் காயும், பிள்ளையும் நடுங்காது. திட்டி மட்டும் பழக்காதீர்கள், பயந்து அடக்கினால் மலச்சிக்கல் வரும்.

மருந்துக் கடையில்

சளி பிடித்ததும் பழைய சீட்டை நீட்டி அதே சிரப்பை வாங்குவது பணத்துக்கும் கேடு, பிள்ளைக்கும் கேடு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப் ஒன்றால் 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு அதில் இருந்தது. அந்த அக்டோபரிலேயே மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்தை எழுதவோ கொடுக்கவோ கூடாது, ஐந்து வயது வரை பொதுவாக வேண்டாம் என்று அறிவுறுத்தியது. சாதாரணச் சளி தானாகவே போகும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு வயதுக்கு மேல் கொஞ்சம் தேன், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு. மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கு நடுவே உள்ளிழுத்தாலோ, சாப்பிடவே மறுத்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல். இதிலும் ஏமாந்தோம். பெயரில் ஓஆர்எஸ் என்று போட்டுச் சர்க்கரைத் தண்ணீரை அட்டைப் பெட்டியில் விற்றார்கள். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று தடுத்தது. உலக சுகாதார நிறுவன முறைப்படியான பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், கடையிலும் சில பத்து ரூபாய்தான். முழுப் பாக்கெட்டையும் அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டர், ஒரே தடவையாகக் கலக்குங்கள். அரைப் பாக்கெட் இப்போது, அரை நாளைக்கு என்று மிச்சம் பிடித்தால் உப்பின் அளவு தவறிப்போகும். கலக்கியதை ஒரு நாளுக்குள் தீர்க்க வேண்டும், மீதியைக் கொட்டிவிடுங்கள். கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை, அதுவும் அங்கேயே கிடைக்கும்.

தடுப்பூசியில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. தனியார் மருத்துவமனையில் நிமோனியாவுக்கான பிசிவி ஊசிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவச அட்டவணையிலேயே இருக்கிறது. பெண்டாவேலன்ட், ரோட்டா, தட்டம்மை-ரூபெல்லா எல்லாமே அப்படித்தான். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள், வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். டைபாய்டு, சின்னம்மை, மஞ்சள் காமாலை ஏ போன்ற அட்டவணையில் இல்லாதவற்றுக்கு மட்டும் தனியாரிடம் போகலாம். இரண்டு இடத்திலும் ஒரே அட்டையில் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஊசி இரண்டு தடவை விழும். மறுபக்கத் தவறு, 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய பூஸ்டரை மறப்பது. ஒரு வயதோடு ஊசி முடிந்தது என்று பலர் அட்டையைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

விளையாட்டுச் சாமான், துணி, விசேஷம்

உருளும் வாக்கர் வாங்காதீர்கள். அதனால் நடை சீக்கிரம் வராது. படியில் உருண்டு, அடுப்பங்கரைக்குள் நுழைந்து விபத்துதான் வரும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நம் ஊர் மர நடைவண்டி வேறு: பிள்ளை நின்றுகொண்டு தானே தள்ளும், ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

பொம்மை குறைவாக இருந்தால் பிள்ளை அதோடு அதிக நேரம் இருக்கும். பாதியை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்து மாற்றுங்கள், புதிதாக வாங்கியது போலவே குதிக்கும். வாங்குவதில் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள், 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். திருவிழாக் கடை மலிவுப் பொம்மையில் கழன்று விழும் பொத்தான் பேட்டரிதான் எனக்குப் பெரிய பயம்; விழுங்கிவிட்டால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

துணிக்கு அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளை போட்டதைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டுப்பாவாடையை இரண்டு தையல் உள்ளே மடித்துத் தைக்கச் சொன்னால் அடுத்த தீபாவளிக்கும் ஆகும். செருப்பை மட்டும் "வளர்ந்தால் சரியாகும்" என்று பெரிதாக வாங்க வேண்டாம், தடுக்கி விழும்.

முதல் பிறந்தநாள். ஏசி ஹால், பலூன் வளைவு, மூன்றடுக்குக் கேக், வந்தவர்களுக்குப் பரிசுப் பை. நாயகனோ பாதியில் அழுது தூங்கிவிடுவான். இதற்குக் கடன் வாங்குபவர்களைத் தடுக்க முடியாது, ஆனால் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் எப்படியும் வைக்கப் போகிறீர்கள் அல்லவா? இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் ஒரு பந்திச் செலவு மிச்சம். தாய்மாமன் மடி அதே மடிதான். சீர் வரிசையில் வெள்ளித் தட்டு வேண்டாம், அந்தப் பணத்தைப் பெண் குழந்தை என்றால் செல்வமகள் கணக்கில் போடுங்கள் என்று மாமாவிடம் சொல்லிப் பார்க்கலாம். 250 ரூபாயிலேயே அஞ்சலகத்தில் தொடங்கலாம். முகம் சுளிக்கிற பெரியவர் ஒருவராவது இருப்பார், பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீடும் பள்ளியும்

குழந்தை பெயரில் ஆயுள் காப்பீடு எடுப்பது ஏஜென்டுக்கு நல்லது. சம்பாதிக்கிறவர் பெயரில் டேர்ம் பாலிசி (அவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) இருந்தால்தான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. அதைவிட அவசரம், குடும்ப மருத்துவக் காப்பீட்டில் பிள்ளையைச் சேர்த்துவிட்டீர்களா என்பது. பல பாலிசிகளில் மூன்று மாதம் முடிந்ததும் சேர்க்கலாம், அலுவலகக் காப்பீடு என்றால் அதற்குள்ளேயே தெரிவிக்கக் கெடு இருக்கும். டெங்குவில் நான்கு நாள் படுத்த பிறகு பெயர் இல்லை என்று தெரிவது கொடுமை. ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வாங்கிவிடுங்கள்.

ப்ளே ஸ்கூலுக்கு முழு வருடப் பணத்தையும் முதலிலேயே கட்டுவதைத் தவிருங்கள். முதல் மூன்று மாதம் சளி, காய்ச்சல், அழுகை என்று பாதி நாள் வீட்டில்தான் இருக்கும். மாதக் கட்டணமோ டேர்ம் கட்டணமோ கேளுங்கள், நடுவில் நிறுத்தினால் திரும்ப என்ன கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். யூனிபார்ம், ஷூ, "ஆக்டிவிட்டி கிட்" எல்லாம் தனி என்றால் அதையும் கூட்டிப் பாருங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு ப்ளே ஸ்கூல் டியூஷன் கட்டணமும் வருமான வரிக் கழிவில் வரும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். டொனேஷன் அதில் சேராது.

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் தெரு அங்கன்வாடியையும் ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள். இரண்டு வயது முடிந்தால் சேர்க்கலாம். மதியச் சாப்பாடு, முட்டை, எடை பார்ப்பது, பூச்சி மாத்திரை எல்லாம் உண்டு. எல்லா மையமும் ஒன்றுபோல இருக்காது. சில இடத்தில் டீச்சர் பாட்டுப் பாடி ஆட்டம் காட்டுவார், சில இடத்தில் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுப் பதிவேடு எழுதிக்கொண்டிருப்பார். பதினொரு மணி வாக்கில் சொல்லாமல் போய் நில்லுங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆயா இருக்கிறாரா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போனால் அவர்களுடைய அம்மாக்களிடம் கேளுங்கள், உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.