ஆல்கஹால் மின்கலத்துக்கு ஆக்சைடு வினையூக்கி: எங்கே தவறுகிறோம்?

நுண்துளைகள் நிறைந்த நிக்கல் ஆக்சைடை மெத்தனால் கலந்த காரக் கரைசலில் வைத்துச் சோதித்தால் மின்னோட்டம் கிடுகிடுவென ஏறும். உடனே ‘எரிபொருள் மின்கலத்துக்கு ஏற்ற ஆனோடு’ (ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றி மின்சாரம் தரும் கலத்தில் அந்த வினை நடக்கும் மின்வாய்) என்று எழுதிவிடுகிறார்கள். இந்தத் துறையின் பெரிய தவறு இதுதான். எவ்வளவு மின்னோட்டம் என்று கேட்கும் முன், அது எந்த மின்னழுத்தத்தில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

வெப்ப இயக்கவியல் கணக்குப்படி, மீள் ஹைட்ரஜன் மின்வாயோடு (மின்னழுத்தத்தை அளக்கப் பூஜ்யமாக வைக்கும் புள்ளி) ஒப்பிட்டால் மெத்தனால் ஆக்சிஜனேற்றத்துக்கு 0.02 வோல்ட் அளவே போதும். நிக்கல் ஆக்சைடோ அங்கே அசையாது. அதன் மேற்பரப்பில் உள்ள ஹைட்ராக்சைடு, ஆக்சிஹைட்ராக்சைடாக மாறிய பிறகுதான் ஆல்கஹாலைத் தாக்கும்; அந்த மாற்றம் நடப்பது சுமார் 1.35 வோல்ட்டில். கலத்தின் மறுமுனையான கேத்தோடில் ஆக்சிஜனுக்கான உச்ச வரம்பே 1.23 வோல்ட், நடைமுறையில் இன்னும் குறைவு. ஆனோடு கேத்தோடுக்கு மேலே போய்விட்டால் கலம் மின்சாரம் தராது, வெளியிலிருந்து கேட்கும். அதற்காக அந்தப் பொருளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மின்னாற்பகுப்பில் ஹைட்ரஜன் எடுக்கும்போது, ஆக்சிஜன் வெளியேற்றத்துக்குப் பதிலாக இந்த வினையை வைத்தால் அதற்கு உண்மையான வேலை இருக்கிறது. மின்கலம்தான் நோக்கம் என்றால், பிளாட்டினம், பல்லேடியத்தோடு சீரியம் ஆக்சைடையோ டின் ஆக்சைடையோ சேர்ப்பது பொருத்தமான வழி. உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வினையை முடக்கும் கார்பன் மோனாக்சைடை அகற்ற, இவை பக்கத்திலிருந்து ஹைட்ராக்சில் தந்து உதவும்.

நிக்கல் ஃபோம் (பஞ்சு போல் துளைகள் உள்ள நிக்கல்) மேல் பூசிச் சோதிப்பவர்கள் வெறும் ஃபோமையும் அதே கரைசலில், மின்னழுத்தத்தை அதே வேகத்தில் ஏற்றி ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். காரத்தில் அதன் மேற்பரப்பிலும் அதே ஹைட்ராக்சைடு உருவாகும், அதே மின்னழுத்தத்தில் மின்னோட்ட முகடு வரும். இந்த ஒப்பீடு இல்லாத முடிவை நான் நம்புவதில்லை.

துளைகள் விஷயத்திலும் ஏமாற்றம் உண்டு. 77 கெல்வினில் நைட்ரஜனை உறிஞ்ச வைத்து அளக்கும் புறப்பரப்பு, உலர்ந்த தூளுக்கானது. 2 நானோமீட்டருக்கும் குறுகலான துளைக்குள் மின்பகுளி (கலத்தில் உள்ள கரைசல்) தாராளமாகப் புழங்காது. புழங்கினாலும் ஆக்சைடின் மோசமான கடத்துதிறன் எலக்ட்ரானைத் தடுக்கும். மின்வேதியியல் முறையில் தனியாக அளந்த பரப்பைக் கொண்டு மின்னோட்டத்தை வகுத்தால்தான் ஒப்பீடு நியாயமாகும். துளைகளே இல்லாமல் போவதும் உண்டு: சுடும் வெப்பநிலை கூடினால் படிகங்கள் வளர்ந்து துளைகள் மூடிக்கொள்ளும்.

மலிவான வினையூக்கி என்று சொல்லிவிட்டு, சோதனையில் எதிரே உள்ள துணை மின்வாயாகப் பிளாட்டினம் கம்பியை மாட்டாதீர்கள். அது மெல்லக் கரைந்து உங்கள் மின்வாயில் படியும், செயல்திறனும் ‘தானாகவே’ கூடும். கிராஃபைட் தண்டு போதும். வலுவான காரத்தில் மின்னழுத்தத்தை அளக்க வைக்கும் வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்வாயும் நிலையாக இருக்காது. மெர்குரி ஆக்சைடு வகைதான் சரி.

கடைசியாக, விளைபொருளைச் சோதியுங்கள். மெத்தனால் கார்பன் டைஆக்சைடு வரை போனால் ஒரு மூலக்கூறுக்கு 6 எலக்ட்ரான் கிடைக்கும். ஃபார்மேட்டோடு நின்றால் 4. எத்தனாலில் 12 கிடைக்க வேண்டிய இடத்தில் அசிட்டேட்டோடு நின்று 4 மட்டுமே வருவது சர்வசாதாரணம். மின்னோட்ட வரைபடம் இதைக் காட்டாது. கரைசலை எடுத்து குரோமட்டோகிராஃபியில் (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் முறை) பார்த்தால்தான் தெரியும்.