யார் கூட இருக்கணும் என்று தம்பியே சொல்லட்டும்

என் தம்பிக்கு 29 வயது, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் ஒரு அறிவு வளர்ச்சிக் குறைபாடு) உண்டு. அப்பா போன பிறகு, சட்டை நிறத்திலிருந்து சேமிப்புப் பணம்வரை நாங்களே அவனுக்காக முடிவெடுத்தோம். அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. காரணம் நாங்கள்தான் என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. அப்புறம்தான் இருவரும் உட்கார்ந்து ஒரு நோட்டுப் போட்டோம்.

சாப்பாடு, துணி, பணம், டாக்டர், வேலை, யாரோடு தங்குவது என்று பக்கத்துக்கு ஒரு விஷயம். அவனுக்குப் படிக்க வராது. அதனால் அவன் பாஸ்புக்கையும் மாத்திரை அட்டையையும் போட்டோ எடுத்து ஒட்டினோம். ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டேன்: நீயே பார்த்துக்கிறியா, யாராவது கூட வேணுமா? வேணுமென்றால் யார்? வீட்டார் படங்களைப் பரப்பி வைத்தேன். பணத்துக்கு என்னைக் காட்டுவான் என்று நினைத்தேன். சித்தியைக் காட்டினான். "சித்தி அவசரப்படுத்தாது அக்கா." மனசு வலித்தது, ஆனால் உண்மைதான்.

கேட்கும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. "டீயா காபியா" என்றால் காபி என்பான். "காபியா டீயா" என்றால் டீ என்பான். கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்கிறான். ஆகவே பொருளையோ படத்தையோ கையில் கொடுங்கள். வரிசையை மாற்றிக் கேளுங்கள், பெரிய விஷயமென்றால் இன்னொரு நாளும் கேளுங்கள். கேட்டபின் மனசுக்குள் பத்து எண்ணும்வரை பேசாதீர்கள். அம்மா மூணு எண்ணுவதற்குள் தானே பதில் சொல்லிவிடுவார்! அவன் வெறுமனே "சரி" என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதற்குச் சரி என்று அவன் வார்த்தையிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

சட்டமும் அவன் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 13ஆவது பிரிவின்படி சொத்து வைத்திருக்கவும், தன் பணத்தைத் தானே கையாளவும் மற்றவர்களைப் போல அவனுக்கும் உரிமை உண்டு. உதவிக்கு இருப்பவரை அவன் மாற்றலாம். பணம், சொத்து விஷயத்தில் உதவுபவரின் நலன் அவன் நலனோடு மோதினால், அந்த ஒரு விஷயத்தில் அவர் விலகிக்கொள்ள வேண்டும். அப்பா வீட்டைப் பிரிக்கும் பேச்சு வந்தபோது எனக்கும் அதில் பங்கு இருந்ததால் நான் ஒதுங்கினேன். தம்பி மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டான்.

ஒரு வங்கியில் "கார்டியன் சர்ட்டிபிகேட் கொண்டுவாங்க" என்றார்கள், அதாவது காப்பாளர் சான்றிதழ். உடனே அதற்காக அலையாதீர்கள். போதுமான உதவி கொடுத்தும், சட்டப்படி செல்லும் முடிவை மாற்றுத்திறனாளியால் எடுக்க முடியாதபோதுதான் காப்பாளர் பற்றிய, அதே சட்டத்தின் 14ஆவது பிரிவு வருகிறது. அதிலும்கூட பொதுவாக ஒரு குறிப்பிட்ட முடிவுக்கும் காலத்துக்கும் மட்டுமே காப்பாளர், அதுவும் அவர் விருப்பத்தை ஒட்டி. நாங்கள் சித்தியோடு இன்னொரு தடவை போனோம். பணம் எடுக்கும் சீட்டில் தம்பியே கைநாட்டு வைத்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோட்டை எடுத்துப் பாருங்கள். போன பொங்கலுக்குத் துணிப் பக்கத்திலிருந்த என் படத்தைப் பிய்த்துவிட்டு, வேலையிடத்து நண்பன் படத்தைக் கேட்டான். பக்கமும் கிழிந்துபோனது. ஆட்களின் படத்தைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், கிளிப் போட்டு வையுங்கள்.