நம்ம நிலத்துக்கு நாமளே வில்லங்கம் போடறது எப்படி? (வர்ஜீனியா அனுபவம்)

நிலம் வாங்கறதுக்கு முன்னாடி வில்லங்கம் இருக்கான்னுதானே பாப்போம், அமெரிக்காவுல கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்ங்கறது, நிலத்த காடாவோ வயலாவோ காப்பாத்த நாமளே ஆசைப்பட்டு போட்டுக்கற வில்லங்கம், அத தானமா குடுத்தா வரிச் சலுகையும் உண்டு. நிலம் நம்ம பேர்லயேதான் இருக்கும், விக்கலாம், பிள்ளைங்களுக்கு எழுதி வைக்கலாம், ஆனா பிளாட் போட முடியாது, யார் வாங்கினாலும் இதே கட்டுப்பாடுதான், காலத்துக்கும்.

1. முதல்ல ஒரு லேண்ட் டிரஸ்ட் (இந்தக் கட்டுப்பாட்ட ஏத்துக்கிட்டு கண்காணிக்கற லாப நோக்கில்லாத அமைப்பு) பிடிங்க. அதுங்களோட தேசிய அமைப்பான லேண்ட் டிரஸ்ட் அலையன்ஸ் அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க. வர்ஜீனியால 1966ல இருந்தே இருக்கற அவுட்டோர்ஸ் ஃபவுண்டேஷனும் இத செய்யுது.

2. உங்களுக்கு என்ன வேணும்னு டீட் (ஈஸ்மென்ட் பத்திரம்) எழுதறதுக்கு முன்னாடியே டிரஸ்ட்கிட்ட சொல்லிடுங்க. இன்னொரு வீடு, ஷெட், மரம் வெட்டறது எல்லாமே. ஆப் எல்லாம் வேணாம், சர்வே மேப்ப பெருசா பிரின்ட் எடுத்து பென்சில்ல வரைங்க, அதான் பெஸ்ட்.

3. இங்கதான் நான் மாட்டினேன். மார்ட்கேஜ் இருந்தா, "எங்க கடன் இந்த ஈஸ்மென்ட்டுக்கு அப்புறம்தான்"னு பேங்க் கையெழுத்து போடணும், டீட் பதியறதுக்கு முன்னாடியே போடணும். இல்லன்னா நாளைக்கு பேங்க் நிலத்த ஏலம் விட்டா ஈஸ்மென்ட்டும் சேந்து போயிடும், அதனால வரிச் சலுகை கிடையாது. நான் ஃபோன் பண்ணா ஒவ்வொரு தடவையும் வேற ஒருத்தர் எடுத்து முதல்லேந்து கேக்கறாங்க, மூணு மாசம் ஓடிப்போச்சு. அதுக்குள்ள நான் அவசரக்குடுக்கையா அப்ரைசல் (நில மதிப்பீடு) வேற எடுத்து வச்சிருந்தேன். அப்ரைசல் ரிப்போர்ட் தேதி, டீட் பதியற தேதிக்கு 60 நாளுக்கு மேல முந்தி இருக்கக் கூடாதாம்! திரும்ப காசு குடுத்து எடுத்தேன். பேங்க் பேப்பர் கைக்கு வந்தப்புறம் அப்ரைசர கூப்பிடுங்க.

4. அப்ரைசல் கணக்கு சிம்பிள். கட்டுப்பாடு இல்லாம 4 லட்சம் டாலர், கட்டுப்பாட்டோட 2.5 லட்சம்னா, நீங்க தானம் பண்ணது 1.5 லட்சம்.

5. நிலம் இப்ப எப்படி இருக்குன்னு ஃபோட்டோ, மேப்போட பேஸ்லைன் ரிப்போர்ட் போடுவாங்க. கூடவே நடங்க, பழைய வேலி, குப்பைமேடு எல்லாம் அதுல வரணும்.

6. சர்க்யூட் கோர்ட் கிளார்க் ஆபீஸ்ல பதிவு, அப்புறம் வரி ரிட்டர்ன்ல ஃபார்ம் 8283 (பணமா இல்லாத தானத்துக்கான படிவம்). ஃபெடரல் வரியில தானத்தொகைய வருஷத்துக்கு வருமானத்துல 50% வரைக்கும் கழிச்சுக்கலாம், மிச்சத்த 15 வருஷம் இழுக்கலாம், விவசாய வருமானம்தான் பெரும்பகுதின்னா 100%. வர்ஜீனியால தானத்தோட மதிப்புல 40% மாநில வரி கிரெடிட்டும் (கட்ட வேண்டிய வரியிலேயே குறையற தொகை) உண்டு, தேவையில்லன்னா அத வித்துடலாம்.

பின்சேர்க்கை: அந்த மாநில கிரெடிட் அளவுக்கு ஃபெடரல் கழிவு குறையும், நல்லவேளை ஒருத்தர் கேட்டார், நான் எழுத மறந்துட்டேன். இன்னொருத்தர், ஊர்ல இருக்கறவங்க எல்லாம் உள்ள வருவாங்களான்னு கேட்டார். காட்டையும் பிராணிகளையும் காப்பாத்தற ஈஸ்மென்ட்டுக்கு அப்படி கதவ தொறந்து விடணும்னு பொதுவா கட்டாயமில்ல. வருஷத்துக்கு ஒரு தடவ டிரஸ்ட் ஆளுங்க வந்து சுத்திப் பாப்பாங்க. போன வருஷம் என் கோழிக்கூண்ட பாத்துட்டு இது எப்ப வந்துச்சுன்னு கேட்டாங்க, அதனால கூண்டா இருந்தாலும் முன்னாடியே ஒரு மெயில் தட்டி விட்டுடுங்க.