பேருந்துப் பணிமனை கட்ட மேற்பார்வையாளர் அமர்த்துகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வெளியிலிருந்து பார்த்தால் பேருந்துப் பணிமனை ஒரு பெரிய ஷெட்தான். சுற்றிலும் தூண், மேலே தகரக் கூரை, கீழே கான்கிரீட் தரை. கிடங்கு கட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டவருக்கு இதைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று தோன்றும். பெரும்பாலான சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நகர நிர்வாகம் தன் சார்பில் கட்டுமானத்தைக் கண்காணிக்க ஒரு நிறுவனத்தை அமர்த்தும்போது தன் கண்ணையே அதனிடம் ஒப்படைக்கிறது. அந்தக் கண்ணுக்குக் கட்டடம் தெரிந்தால் போதாது, பேருந்தும் தெரிய வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். 12 மீட்டர் நீளப் பேருந்து, ஆளே ஏறாமல், 10 டன்னுக்கு மேல் எடை இருக்கும். அதைத் தூக்கும் லிஃப்டுகள் அந்த எடையை நாலைந்து சிறிய இடங்களில் தரைமேல் இறக்குகின்றன. அந்த இடங்களில் கம்பி சரியாகக் கட்டியிருக்கிறதா என்று கான்கிரீட் போடும் முன் பார்த்தால்தான் உண்டு. இயற்கை எரிவாயுவில் ஓடும் பேருந்து என்றால், கசியும் வாயு காற்றைவிட லேசானது, கூரைக்கடியில் போய்ச் சேரும். கசிவைக் கண்டுபிடிக்கும் உணர்கருவியும் காற்றுப்போக்கியும் மேலே இருக்க வேண்டும். எல்பிஜி நேரெதிர்: காற்றைவிடக் கனம், பேருந்தின் அடிப்பகுதியைப் பார்க்கத் தரையில் வெட்டியிருக்கும் ஆய்வுக் குழிக்குள் இறங்கித் தேங்கிவிடும். மின்சாரப் பேருந்துகள் பலவற்றில் பேட்டரி கூரைமேல் இருக்கிறது. அங்கே ஆள் நின்று வேலை செய்ய மேடை வேண்டும், பேட்டரியை இறக்கக் கிரேன் வேண்டும், தவறி விழாமலிருக்கத் தடுப்பு வேண்டும். இதெல்லாம் தெரியாத மேற்பார்வையாளர் என்ன செய்வார்? வரைபடத்தில் உணர்கருவி நெஞ்சளவு உயரத்தில் இருந்தால், சுவரிலும் அதே உயரத்தில் இருக்கிறது என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அதனால் நேர்காணலில் “எத்தனை பணிமனை கட்டியிருக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். “திறந்த பிறகு அங்கே எதை இடித்து மறுபடி கட்டினார்கள்?” என்று கேளுங்கள். உண்மையாக வேலை செய்தவரிடம் இதற்குக் கட்டாயம் பதில் இருக்கும். நற்சான்றிதழ் கொடுத்த அதிகாரியோடு, அந்தப் பணிமனையின் மெக்கானிக் மேஸ்திரியிடமும் பத்து நிமிடம் பேசுங்கள். நான் மேஸ்திரி சொல்வதைத்தான் அதிகம் நம்புவேன்.

அடுத்து, விலை. சிமெண்டைக் குறைந்த விலைக்கு வாங்கலாம், மூட்டைக்கு மூட்டை ஒன்றுதான். மேற்பார்வையில் குறைந்த விலை என்றால் குறைந்த ஆள் என்று பொருள். முழுநேரமாக சைட்டில் இருக்க வேண்டிய இன்ஜினியர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்துபோகிறவராக ஆகிவிடுவார். கான்கிரீட் போடுவது என்னவோ மற்ற நாட்களில்தான் நடக்கும்! கான்கிரீட் போட்ட 28-வது நாள் செய்யும் சோதனையில் அதன் பலம் போதாது என்று தெரியவரும்போது அதன்மேல் சுவர் எழும்பியிருக்கும். இரண்டு உறை முறையில் தகுதியை முதலில் மதிப்பிட்டு, அப்புறம் விலை உறையைப் பிரிப்பது ஒரு வழி. அமெரிக்காவில் மத்திய அரசின் பொறியியல் பணிகளுக்கு 1972-ஆம் ஆண்டின் புரூக்ஸ் சட்டப்படி, தகுதியில் முதலிடம் பெற்றவரிடம்தான் முதலில் கட்டணம் பேசுவார்கள். குறைந்த விலைக்கே கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், யார் யார் எத்தனை நாள் சைட்டில் இருக்க வேண்டும் என்பதையாவது டெண்டரிலேயே எழுதிவிடுங்கள்.

கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதும் பரவலாக இருக்கிறது. செலவு ஏறினால் அவர் கட்டணமும் ஏறும். செலவை அடக்க வேண்டியவருக்கு இப்படி ஓர் ஆசையை ஏன் காட்ட வேண்டும்? மாதக் கட்டணம் என்றால், வேலை இழுக்க இழுக்க அவருக்கு வரவு. இதற்கு முழு மருந்து கிடையாது. மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, வேலை முடிய முடியப் பணம் கொடுப்பது ஓரளவு உதவும்.

கட்டும் ஒப்பந்தக்காரரோடு அவருக்கு வேறு தொழில் தொடர்பு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துணை நிறுவனம், கூட்டு நிறுவனம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். இல்லாவிட்டால் வேலிக்கு ஓணான் சாட்சி கதைதான். வடிவமைத்த நிறுவனமே மேற்பார்வையும் பார்ப்பது தவறில்லை, வரைபடம் அவர்களுக்கு அத்துபடி. ஆனால் தங்கள் வரைபடத்தில் இருக்கும் பிழையைத் தாங்களே சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வெளியாள் ஒருவரும் அவ்வப்போது பார்க்கட்டும்.

இன்னொரு பழைய வித்தை. விண்ணப்பத்தில் முப்பது வருட அனுபவசாலியின் பெயர் இருக்கும். கையெழுத்தான மறுமாதம் “அவர் வேறு வேலையில் மாட்டிக்கொண்டார்” என்று இரண்டு வருட அனுபவக்காரர் வந்து நிற்பார். சைட்டில் உட்காரப்போகிறவரையே நேர்காணல் செய்யுங்கள். உங்கள் சம்மதமில்லாமல் ஆளை மாற்றக்கூடாது, மாற்றினாலும் சமமான தகுதி வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

எப்போது அமர்த்துவது? கட்டுமான டெண்டர் விடும் முன்பே. ஓடிக்கொண்டிருக்கும் பணிமனையிலேயே புதிய கட்டடம் எழும்பும் என்றால், இரவில் பேருந்துகள் எங்கே நிற்கும், டீசல் எங்கே போடுவது, எந்தப் பகுதியை முதலில் இடிப்பது என்பதெல்லாம் டெண்டர் ஆவணத்திலேயே இருக்க வேண்டும். வேலை ஆரம்பித்த பிறகு சொன்னால் ஒவ்வொன்றும் கூடுதல் பில்லாகத் திரும்பி வரும். டிரான்ஸ்பார்மர், பேருந்து லிஃப்ட் போன்றவை கைக்கு வரப் பல மாதம் ஆகும். அவற்றுக்கு எப்போது ஆர்டர் கொடுப்பது என்று சொல்லவும் ஆள் வேண்டும்.

அதிகாரத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் மேற்பார்வையாளரை வெறும் அறிக்கை எழுதுபவராக வைத்துவிடுகிறார்கள். சிலர் கூடுதல் செலவுக்கும் அவரே ஒப்புதல் கொடுக்க விட்டுவிடுகிறார்கள். தரமில்லாத வேலையை நிறுத்தவும் நிராகரிக்கவும் அவருக்கு உரிமை வேண்டும். பணம் மாறும் எந்த முடிவும் உங்களிடம் வர வேண்டும். அப்படி வந்த கோப்பு மேசையில் மூன்று வாரம் தூங்கினால், பழியை அவர்மேல் போடாதீர்கள்.

அவர் வேலையில் செய்யும் பிழையால் வரும் நஷ்டத்துக்குத் தொழில்முறைக் காப்பீடு இருக்கிறதா என்று பார்ப்பது, தினக் குறிப்பேடு கேட்பது எல்லாம் ஒரு நாள் வேலை. செய்துவிடுங்கள்.

கடைசியாக, பூச்சு முடிந்ததும் அவரை அனுப்பிவிடாதீர்கள். கருவிகளை ஓட்டிப் பார்ப்பது, உண்மையில் கட்டியபடியே வரைந்த வரைபடங்களை வாங்குவது, குறைகளை ஒப்பந்தக்காரரே சரிசெய்து தர வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தில் வந்து பார்ப்பது எல்லாம் அவர் வேலையில் சேர்ந்தவை. கட்டணத்தில் ஒரு பங்கை அதுவரை பிடித்து வையுங்கள். இறுதிச் சான்றிதழில் அவர் கையெழுத்துப் போடும் முன், உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பேருந்தை வரவழைத்து ஒவ்வொரு குழிக்கு மேலும் நிறுத்தச் சொல்லுங்கள். பக்கக் கண்ணாடி தூணில் உரசுகிறதா என்று பாருங்கள். கழுவுமிடத்தில் தண்ணீர் ஊற்றி, அது வடிகாலுக்குப் போகிறதா, எதிர்ப்பக்கம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓர் ஓட்டுநரும் நாலு வாளித் தண்ணீரும் இருந்தால் போதும்.