நாய் வளர்க்கிற வீட்டுத் தோட்டம்: செடியைப் பிடுங்கினால் மட்டும் போதாது

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு எங்களுடையது. பின்கட்டைத் தாண்டினால் தோட்டம். கிணற்றடியில் அரளி, வேலியோரம் எருக்கும் ஊமத்தையும். சீனி என்ற நாட்டுநாய்க் குட்டி வந்து, கண்டதையெல்லாம் கடிக்க ஆரம்பித்த பிறகுதான், இதெல்லாம் நாய்க்கு விஷம் என்று எனக்கு உறைத்தது.

முதலில் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டுமே இதயத் துடிப்பைக் குலைக்கும். ஊமத்தங்காய், குண்டுமணி, ஆமணக்கு விதை, செங்காந்தள் கிழங்கு எல்லாம் ஆபத்துதான். அழகுக்காகத் தொட்டியில் சைக்கஸ் (குட்டிப் பனை மாதிரி இருக்கும் செடி) வைத்திருந்தால் அதை இன்றைக்கே வெளியேற்றுங்கள், கல்லீரலைக் கெடுத்துவிடும். மணி பிளாண்ட் வாயை எரிக்கும், உயரத்தில் தொங்கவிடுங்கள்.

அடுத்து, பிடுங்குவது. மழை பெய்த மறுநாள் செம்மண் இளகியிருக்கும், கடப்பாரை போட்டால் வேரோடு வரும். எருக்கம்பால் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரளியில் மட்டும் கை வைக்க முடியவில்லை. "பிள்ளையாருக்குப் பூவுக்கு எங்கடா போறது?" என்றார் அப்பத்தா. சரி, வேலி போட்டேன். பச்சை நைலான் வலையை வாங்காதீர்கள், சீனி இரண்டே நாளில் கிழித்துவிட்டது. வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த இரும்புக் கம்பி வலைதான் நிற்கும். நாலடி உயரம், கீழே அரையடி மண்ணில் புதைய வேண்டும். செடியை ஒட்டிக் கட்டாமல் நன்றாகத் தள்ளிக் கட்டுங்கள். உதிர்ந்து காய்ந்த இலையிலும் விஷம் போகாது.

இனி நான் சறுக்கிய இடம். இவ்வளவும் செய்து முடித்த வாரமே சீனி வாந்தி எடுத்தது, மறுநாள் ரத்தமாகப் பேதி. வேலிக்குள் நுழைந்துவிட்டதோ என்று அரளியை இலை இலையாகப் பார்த்தேன், கடித்த தடமே இல்லை. மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "என்ன உரம் போட்டீங்க?"

ரோஜாவுக்கு ஆமணக்கம் புண்ணாக்கும் எலும்புத்தூளும் கலந்து வைத்திருந்தேன். எலும்பு வாசனைக்கு அது தூரையே தோண்டித் தின்றிருக்கிறது. ஆமணக்கு விதையின் விஷம் எண்ணெயில் இறங்காது, பிழிந்த சக்கையிலேயே தங்கிவிடும். நன்றாகச் சூடுபடுத்தினால்தான் அழியும், கடைப் புண்ணாக்கு எப்படி வந்தது என்று யாருக்குத் தெரியும்? மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்தது. இப்போது மண்புழு உரமும் தொழுவுரமும் மட்டும்தான். எந்த உரமானாலும் சாக்கில் வைக்காமல் மூடி போட்ட தகர டிரம்மில் வையுங்கள்.

பின்னால் சேர்த்தது: வெட்டிய அரளிக் கிளையை எரிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், அந்தப் புகையும் கெடுதல். குழி வெட்டி ஆழமாகப் புதையுங்கள். இன்னொருவர் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தாராம். அதுவே நாயைக் கொல்லக்கூடும். தின்ற செடியில் ஒரு கொத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நேராக மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. விடிகாலையில் பூப்பறித்துவிட்டு வரும் அப்பத்தா வேலிக் கதவைச் சாத்த மறந்துவிடுவார். சொல்லிப் பயனில்லை. கதவில் கயிறு கட்டி, கம்பத்து உருளை வழியாக மறுமுனையில் ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டேன். இப்போது தானாகவே சாத்திக்கொள்கிறது.